கற்கும் இயந்திரமும் கைத்தொழிலும்

சென்ற ஆண்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் பேரவைக் கூட்டத்திற்குச் சென்றிருந்தோம். வரவு செலவு வாசிக்கப்பட்டது. ஆதாயப் பங்கீடு தீர்மானமாயிற்று. நன்றி கூறும் வேளையில் முதிய அங்கத்தினர் ஒருவர் எழுந்து நின்றார்.

"ஐயா, நிகழ்ச்சி நிரலில் இல்லாத விஷயம் ஒன்று கேட்க வேண்டும். என் மூத்த மகன் கணினி படித்துவிட்டு ஈராண்டாக வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறான். அந்த வேலையை இனி இயந்திரமே செய்துகொள்ளும் என்கிறார்கள். சரி, தறிக்கு வா என்றால், புட்டாவும் முந்தியும்கூட அதுவே வரைகிறது பாருங்கள் என்று செல்பேசியைக் காட்டுகிறான். இளையவள் இப்போதுதான் பள்ளியிறுதித் தேர்வு எழுதியிருக்கிறாள். அவளை நான் எங்கே அனுப்புவது?"

அவையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அங்கிருந்த வீடுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றின் கேள்வி அதுவாகவே இருந்தது. நமக்கும் அன்று தக்க விடை தோன்றவில்லை. "விசாரித்துச் சொல்கிறோம்" என்று கூறி வந்தோம். அந்தப் பெரியவருக்கு நாம் பட்ட கடனின் முதல் தவணையாக இக்கட்டுரையைக் கொள்ளலாம்.

தறியிலிருந்து வந்த கணினி

செயற்கை நுண்ணறிவு என்னும் பெயரைக் கேட்டதும், நமக்குச் சற்றும் தொடர்பில்லாத பொருள் என்று நெசவாளர் எண்ணுதல் வேண்டா. அதன் பூர்வோத்தரத்தை நோக்கின் அது தறியடியிலேயே தொடங்குகிறது.

பிரான்சு தேசத்தில் லியோன் நகரம் பட்டு நெசவுக்குப் பெயர்பெற்றது. அங்கு உருவங்கள் கொண்ட பட்டு நெய்வதற்கு, நெசவாளருடன் ஒரு சிறுவன் அமர்ந்து, எந்தப் பாவு இழைகளைத் தூக்க வேண்டுமோ அவற்றிற்குரிய கயிறுகளை இழுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. நம் காஞ்சிபுரத்திலும் அடை கட்டி நெய்த காலத்தில் உடன் ஓர் ஆள் வேண்டியிருந்ததை முதியோர் அறிவர். 1804ஆம் ஆண்டில் ஜோசப் மரீ ஜக்கார்டு என்பவர், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு அவ்வேலையைச் செய்யும் பொறியை அமைத்தார். துளை இருக்கும் இடத்தில் இழை மேலெழும். துளை இல்லாத இடத்தில் எழாது. இன்று நம் தறிகளின் மேல் வீற்றிருக்கும் ஜக்கார்டு பெட்டி அதுவே. 1839இல் ஜக்கார்டின் உருவப்படத்தையே ஏறத்தாழ 24,000 அட்டைகள் கோத்துப் பட்டில் நெய்து காட்டினர்.

அந்தப் பட்டுப் படம் ஒன்றைத் தம்மிடம் வைத்திருந்தவர் சார்லஸ் பாபேஜ் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர். அட்டையால் பூ நெய்யலாமெனில் அட்டையால் கணக்கும் போடலாம் என்று கருதி, தாம் திட்டமிட்ட கணக்குப் பொறிக்குத் துளை அட்டைகளையே அவர் கருவியாகக் கொண்டார். பொறி முற்றுப்பெறவில்லை, கருத்து நிலைத்தது. 1890ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கட்தொகைக் கணக்கை ஹெர்மன் ஹாலரித் என்பவரின் துளை அட்டைப் பொறிகள் கூட்டிக் கொடுத்தன. அவருடைய தொழிலகம் பிறவற்றோடு இணைந்து, 1924 முதல் ஐ.பி.எம். என்னும் பெயர் பெற்றது. ஆதலின் கணினியின் முன்னோர்களில் தறியும் ஒன்று எனல் மிகையன்று.

அட்டைப் பொறிக்கும் இன்றைய இயந்திரத்திற்கும் உள்ள வேற்றுமை யாது? அட்டைப் பொறி சொன்னதைச் செய்யும். ஒவ்வொரு துளையையும் ஒரு மனிதர் எண்ணிக் குத்த வேண்டும். இன்றைய இயந்திரமோ பலர் செய்து வைத்ததைக் கண்டு, அதனின்று பழகி, அதுபோன்ற ஒன்றைத் தானே ஆக்குகிறது. பல்லாயிரம் புட்டாக்களின் படங்களை அதற்குக் காட்டினால், அன்னம் எப்படி வளையும், மாங்காயின் நுனி எப்படி மடங்கும் என்பவற்றை எண்களாகக் குறித்துக்கொண்டு, கேட்டபோது புதியதோர் அன்னத்தை வரைகிறது. கட்டுரை, கடிதம், கணினிக்கான ஆணைத்தொடர் ஆகியவற்றையும் இம்முறையாலேயே எழுதுகிறது. 1956இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் அறிஞர் குழு கூடியதை ஒட்டி இத்துறைக்குச் செயற்கை நுண்ணறிவு என்னும் பெயர் நிலைத்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி என்னும் உரையாடும் இயந்திரம் பொதுமக்கள் கைக்கு வந்த பிறகே வீட்டுக்கு வீடு இப்பேச்சு எழுந்தது.

இங்கே ஒன்றை உறுதியாக மனத்தில் இருத்த வேண்டும். இவ்வியந்திரம் அறிந்தவை யாவும் மனிதர் செய்த வேலையிலிருந்து அது கற்றவை. தொழிலாளர்க்கு இதனால் விளையும் நன்மையும் தீமையும் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

வேலை ஒன்று, காரியம் பல

"இயந்திரம் வேலையைப் பறிக்குமா?" என்று கேட்பது வழக்கம். கேள்வியைச் சற்றுப் பிரித்துக் கேட்டால் விடை தெளிவாகும். ஏனெனில், வேலை என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பது பல காரியங்களின் தொகுதியாகும்.

ஒரு பட்டுச் சேலையை எடுத்துக்கொள்வோம். உருவத்தை நினைத்து வரைதல், கட்டத்தாளில் ஏற்றுதல், அட்டை குத்துதல், நூலுக்குச் சாயமேற்றுதல், பாவு ஓட்டுதல், தார் சுற்றுதல், இழை பிணைத்தல், கோர்வை வாங்கி நெய்தல், அறுந்த இழையை அறிந்து முடிதல், மடித்து விலை கட்டுதல், வாங்குவோர்க்கு எடுத்துரைத்தல் என்று எத்தனை! இவற்றுள் கட்டத்தாளும் அட்டை குத்துதலும் பல ஊர்களில் ஏற்கெனவே கணினிக்குச் சென்றுவிட்டன. வரைதலிலும், வண்ணம் சேர்த்துப் பார்த்தலிலும், சரக்கைப் பற்றி ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதுதலிலும் இப்போது புதிய இயந்திரம் கைவைக்கிறது. உடலும் கரையும் வேறு வேறு நிறமாகச் சேரும் கோர்வையில், இருபுறத்து நாடாவும் ஓரிழை பிசகாமல் கவ்வும்படி அடிக்கும் கையை அது இன்னும் பெறவில்லை.

ஆகவே, ஒரு தொழிலில் சில காரியங்கள் இயந்திரத்திற்குச் சென்றபின், எஞ்சிய காரியங்களின் மதிப்பு ஏறுமா இறங்குமா என்பதே சரியான கேள்வி. ஏறவும் கூடும். 2016இல், இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவரான ஜெஃப்ரி ஹின்டன், எக்ஸ்ரே முதலிய படங்களைப் பார்த்து நோயறியும் மருத்துவர்களைப் பயிற்றுவிப்பதை இப்போதே நிறுத்திவிடலாம், ஐந்தாண்டில் இயந்திரம் அவர்களை விஞ்சும் என்றார். அவர் பிற்பாடு 2024இல் நோபல் பரிசு பெற்ற அறிஞர். இயந்திரம் படம் பார்க்கக் கற்றது உண்மை. ஆயினும், குறித்த கெடு கடந்த பின்னும் அம்மருத்துவர்களுக்குப் பல நாடுகளில் பற்றாக்குறையே நிலவுகிறது. படம் பார்ப்பது அவர் தொழிலில் ஒரு காரியமேயன்றி முழுத் தொழிலன்று. அறிஞரும் தொழிலின் உள்ளே இருந்து பாராவிடில் கணக்குத் தவறும் என்பதற்கு இது சான்று.

இறங்கவும் கூடும். ஒரு காரியத்தால் மட்டும் பிழைப்பவருக்கு, அந்தக் காரியம் போனால் மிச்சம் ஏதுமில்லை. அட்டை குத்துதலையே தொழிலாகக் கொண்டவர்கள் என்னவானார்கள் என்பதை நம் அங்கத்தினர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

மற்றொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் கைத்தறியையும் அதன் துணைத் தொழில்களையும் நம்பியவர்கள் 2009-10ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 43.31 லட்சம் பேர். 2019-20ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 35.22 லட்சம் பேர். சாட்ஜிபிடி பிறக்குமுன்னரே எட்டு லட்சம் பேர் குறைந்துவிட்டனர். குறைந்த கூலியும், விசைத்தறிப் போட்டியும், நூல் விலையும் செய்த காரியத்தைப் புதிய இயந்திரத்தின் தலையில் சுமத்துவது நோயை விட்டு நிழலை அடிப்பதாகும்.

ஏணியின் முதற்படி

இனி அப்பெரியவரின் மகனைப் போன்ற இளைஞர்களைப் பற்றி ஆராய்வோம். இதில் இரண்டு ஆய்வுகள் நமக்கு உதவுகின்றன. இரண்டும் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பொருளியல் அறிஞர்கள் செய்தவை.

முதலாவது 2023இல் வெளிவந்தது. மென்பொருள் நிறுவனம் ஒன்றில், வாடிக்கையாளரின் குறைகளைக் கேட்டுப் பதிலளிக்கும் ஊழியர் 5,179 பேரின் வேலை ஆராயப்பட்டது. அவர்களுக்கு "இப்படி விடை சொல்லலாம்" என்று குறிப்புக் கொடுக்கும் இயந்திரம் ஒன்று துணையாகத் தரப்பட்டது. ஒரு மணி நேரத்தில் தீர்த்துவைத்த குறைகளின் எண்ணிக்கை சராசரியாக நூற்றுக்கு 14 பங்கு கூடிற்று. புதியவர்களுக்கும் திறமை குறைந்தவர்களுக்கும் 34 பங்கு கூடிற்று. கைதேர்ந்த பழையவர்களுக்கோ ஏறக்குறைய ஒன்றும் கூடவில்லை.

காரணம் யாதெனின், கைதேர்ந்தவர்கள் பேசிய பேச்சுக்களிலிருந்தே இயந்திரம் கற்றது. அவர்கள் பல ஆண்டுகளில் அறிந்த நுட்பத்தை, நேற்று வந்தவரின் காதில் அது ஓதிற்று. ஆசான் பக்கத்தில் அமர்ந்து சொல்லிக்கொடுப்பது போன்றது இது. ஆனால் இவ்வாசானுக்குத் தட்சணை உண்டா? தங்கள் திறமையை இயந்திரத்திற்கு ஈந்த ஊழியர்க்கு அதற்கென ஈடு தர வேண்டாமா என்னும் கேள்வியை அந்த ஆய்வாளர்களே எழுப்பியுள்ளனர்.

இதுவரை கேட்டால் இளைஞர்க்கு நற்காலம் என்று தோன்றும். இரண்டாம் ஆய்வு மறுபக்கத்தைக் காட்டுகிறது. 2025 ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அறிஞர்கள், அமெரிக்கச் சம்பளப் பட்டியல்களை ஆராய்ந்து இதனை வெளியிட்டனர். செயற்கை நுண்ணறிவு மிகுதியும் நுழையக்கூடிய தொழில்களில், அதாவது கணினி ஆணைத்தொடர் எழுதுதல், வாடிக்கையாளர்க்குப் பதிலளித்தல் போன்றவற்றில், 22 முதல் 25 வயதுடையோரின் வேலைவாய்ப்பு, ஏனையோரை நோக்க நூற்றுக்கு 13 பங்கு குறைந்திருக்கிறது. அதே தொழில்களில் அனுபவம் மிக்கவர்களுக்கு அத்தகைய குறைவு இல்லை. இயந்திரம் மனிதர்க்குத் துணையாக நின்ற இடங்களில் இக்குறைவு காணப்படவில்லை. மனிதருக்குப் பதிலாக நின்ற இடங்களிலேயே காணப்பட்டது. வேறு காரணங்களும் கலந்திருக்கலாம் என்று வாதிடுவோர் உண்டு. எனினும் எச்சரிக்கையாகக் கொள்ள இது போதும்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வேலைக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட இளைஞரை இயந்திரம் விரைவில் கைதேரச் செய்கிறது. ஆனால் இளைஞர் செய்துவந்த எளிய வேலைகளை அதுவே செய்வதால், அவரை எடுத்துக்கொள்ளவே முதலாளி தயங்குகிறார். ஏணி இருக்கிறது, முதற்படி உடைகிறது.

இதன் கேட்டை நெசவாளரினும் நன்கு உணர வல்லார் இல்லை. நம் தொழிலில் எவரும் முதல் நாளே கோர்வை நெய்யவில்லை. தார் சுற்றியும், அறுந்த இழை எடுத்துக் கொடுத்தும், கோர்வைக்குத் துணையாள் அமர்ந்தும் கண்ணும் கையும் பழகிய பின்னரே தறி ஏறினோம். தார் சுற்றும் சிறியவர் இல்லாத வீட்டில், இருபது ஆண்டுக்குப் பின் தறியும் இராது. எளிய வேலை கூலியில் சிறியது, பயிற்சியில் பெரியது. அதனை வீண் செலவென்று கழித்துவிடும் நிறுவனம், நாளைய தேர்ந்த தொழிலாளரையும் சேர்த்தே கழிக்கிறது.

விண்ணப்பத்தைப் படிப்பவர் யார்?

வேலை தேடும் பிள்ளைகள் அறிய வேண்டிய இன்னொன்று உண்டு. பெரிய நிறுவனங்கள் பலவற்றில், வந்து குவியும் விண்ணப்பங்களை முதலில் சலிப்பது மனிதரல்லர், இயந்திரம்.

சல்லடை சாதி, மதம், ஆண், பெண் பாராது என்று சிலர் மகிழ்ந்தனர். நிகழ்ந்தது வேறு. அமேசான் நிறுவனம், பத்தாண்டுகளாகத் தனக்கு வந்த விண்ணப்பங்களைக் காட்டி, ஆள் தெரிந்தெடுக்கும் இயந்திரம் ஒன்றைப் பழக்கிற்று. அவற்றுள் பெரும்பாலானவை ஆண்கள் அனுப்பியவை. ஆகவே, ஆண்களே தக்கவர் என்று இயந்திரம் கற்றது. பெண்கள் சங்கம், பெண்கள் கல்லூரி என்ற குறிப்புள்ள விண்ணப்பங்களைக் கீழே தள்ளிற்று. அந்நிறுவனம் அதனைக் கைவிட்டது. 2018இல் செய்தி வெளியாயிற்று. பழைய கோணலைப் பார்த்துப் பழகிய கை புதிய கோணலைத்தானே நெய்யும்!

இதனால் சட்டங்களும் பிறந்துள்ளன. நியூயார்க் நகரில், இத்தகைய கருவியைப் பயன்படுத்துவோர் அது பாரபட்சம் செய்கிறதா என்று பிறரைக் கொண்டு தணிக்கை செய்வித்து வெளியிட வேண்டும் என்னும் விதி 2023 ஜூலை முதல் செயலாக்கப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய சட்டம், ஆள் எடுப்புக்கான இயந்திரங்களை உயர்ந்த அபாயமுள்ளவற்றின் பட்டியலில் சேர்த்து, மனிதரின் மேற்பார்வை வேண்டும் என்கிறது. கணக்கு எவருடையதாயினும் தணிக்கை வேண்டும் என்ற நம் இயக்கத்தின் பழைய நெறியே இது.

விண்ணப்பம் எழுதும் பிள்ளைகளுக்கு நாம் சொல்வது: விளம்பரத்தில் கேட்ட தகுதிகளை அதே சொற்களால் தெளிவாகக் குறியுங்கள், செய்து காட்டிய வேலையைச் சொல்லுங்கள், இயந்திரம் எழுதிக் கொடுத்ததை அப்படியே அனுப்பாதீர்கள். எல்லோர்க்கும் அது ஒரே மாதிரியாகவே எழுதும். நேர்முகத்தில் மனிதர் கேட்கும் முதல் கேள்வியிலேயே இரவல் சட்டை தெரிந்துவிடும்.

பலன் யாருக்கு?

இயந்திரம் நல்லதா, கெட்டதா என்று தீர்ப்பளிப்பது எளிது; பயனற்றது. அதன் பலன் யாருக்குச் சேர வேண்டும் என்பதே வழக்கு.

1811 முதல் இங்கிலாந்தில் காலுறை பின்னுவோர் பொறிகளை உடைத்தனர். அரசு 1812இல் அதற்கு மரண தண்டனை விதிக்கச் சட்டமியற்றிற்று. லியோன் பட்டு நெசவாளர் 1831இல் கிளர்ந்தெழுந்தது பொறியை எதிர்த்தன்று. ஒப்புக்கொண்ட குறைந்தபட்சக் கூலியை வணிகர் மறுத்ததை எதிர்த்து. இவ்விரு போராட்டங்களும் அடக்கப்பட்டன. இங்கிலாந்தின் கம்பளி நெசவு ஊராகிய ராச்டேலில் 28 பேர் மூன்றாவதொரு வழியைக் கண்டனர். அவர்களுட் சிலர் நெசவாளர். ஒவ்வொருவரும் ஒரு பவுன் பங்குத்தொகை சேர்த்து, 1844 டிசம்பர் 21ஆம் நாள் மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்கும் சிறு கடை திறந்தனர். உடைக்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை, தாமே உடைமையாளராயினர். இன்று நாம் கூட்டுறவு என்று சொல்லும்போதெல்லாம் அந்தக் கடையின் வாயிற்படியில் நிற்கிறோம்.

அந்நெறி இக்காலத்திற்கும் பொருந்துமோ என்று ஐயுறுவோர் 2023ஆம் ஆண்டை நோக்குக. அமெரிக்கத் திரைப்பட, தொலைக்காட்சிக் கதாசிரியர்களின் சங்கம் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து ஒப்பந்தம் கண்டது. இயந்திரம் எழுதியதைக் கதாசிரியர் எழுத்தாகக் கணக்கிடலாகாது. இயந்திரத்தைப் பயன்படுத்தும்படி கதாசிரியரைக் கட்டாயப்படுத்தலாகாது. இயந்திரம் ஆக்கியதைக் கொடுத்தால் அதனை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பன அதன் கூறுகளிற் சில. இயந்திரத்தை அவர்கள் தடுக்கவில்லை. எந்த நிபந்தனையில் அது வரலாம் என்பதை நிர்ணயித்தனர். தனி ஒரு கதாசிரியர் கேட்டிருந்தால் கதவே திறந்திராது.

இனி நம்மூர்க் கதை ஒன்று. இதில் நமக்கும் பங்குண்டு. நெசவாளர் சங்கம் ஒன்றிற்கு வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார். சங்கத்தின் பெட்டியில் நாற்பது ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த உருவ வரைபடங்களையும், பழைய சேலை மாதிரிகளையும் படம் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டு, 15,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். தாள்கள் செல்லரித்துக்கொண்டிருந்தன, வந்த பணம் லாபம் என்று நிர்வாகக் குழு இசைந்தது. நாம் ஆய்வுக்குச் சென்றபோது ரசீது இருந்தது, தீர்மானம் இருந்தது, தொகை வரவில் ஏறியிருந்தது. சரியென்று குறியிட்டு வந்தோம். கையெழுத்திட்ட இரண்டு பக்க ஒப்பந்தத்தை நாம் படித்தது அடுத்த ஆண்டில்தான். அப்படங்களைக் கொண்டு இயந்திரங்களைப் பழக்கவும், அவை ஆக்குவனவற்றை விற்கவும், எக்காலத்திற்கும், மேற்கொண்டு எவ்விதத் தொகையுமின்றி, அவருக்கு உரிமை எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது.

அந்தப் பெட்டியில் இருந்தவை மூன்று தலைமுறை ஆசான்களின் கைகள். அவர்களுள் சிலர் மறைந்துவிட்டனர். கணக்கில் பிழையில்லை, ஆனால் சங்கத்தின் சொத்து வெளியே சென்றதை நம் கணக்குப் புத்தகம் காட்டவில்லை. சொத்துப் பதிவேட்டில் மேசைக்கும் நாற்காலிக்கும் இடமிருந்தது; வரைபடத்திற்கு இல்லை. இக்குறை குழுவினுடையது மட்டுமன்று. பதிவேட்டைப் பார்த்து ஒப்பமிட்ட நம்முடையதுமாகும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

பட்டறிவிலிருந்து பெற்ற சில யோசனைகளை அங்கத்தினர் முன் வைக்கிறோம்.

முதலாவதாக, சங்கத்திலுள்ள வரைபடம், அட்டைக் கட்டு, சேலை மாதிரி, சாயக் குறிப்பு ஆகிய அனைத்தையும் எண்ணிட்டுச் சொத்துப் பதிவேட்டில் ஏற்றுக. வரைந்தவர் பெயரையும் குறித்து வைக்க. படமெடுத்துக் காக்கும் வேலையைச் சங்கமே செய்க. வீட்டுக்கு வீடு உள்ள செல்பேசி அதற்குப் போதும்.

இரண்டாவதாக, அவற்றைப் பிறர்க்குத் தரும் தீர்மானம் எதுவாயினும் பேரவைக்கு வருக. எதற்கு, எத்தனை ஆண்டுக்கு, இயந்திரத்தைப் பழக்கவா, விற்பனையில் சங்கத்திற்குப் பங்கு உண்டா என்ற நான்கு கேள்விகளுக்கும் எழுத்தில் விடை இல்லாத தாளில் கையெழுத்திடலாகாது. புதிய உருவங்களை வெளியிடுமுன்னரே 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யலாம். பத்தாண்டு உரிமையும், அதன்மேல் ஐந்தாண்டு நீட்டிப்பும் உண்டு. ஆனால் ஏற்கெனவே வெளியான பழைய உருவங்கள் அதில் அடங்கா. அவற்றிற்கு நம் கட்டுப்பாடே காவல். காஞ்சிபுரம் பட்டுக்கு உள்ள புவிசார் குறியீடு அந்தப் பெயரைக் காக்கும். ஒவ்வொரு புட்டாவையும் தனித்தனியே காக்காது.

மூன்றாவதாக, இயந்திரத்தைக் கண்டு ஒதுங்காமல் சங்கத்தின் கையில் வைத்துப் பழகுக. தனி நெசவாளர் ஒருவரால் வாங்க இயலாத கணினியையும் வடிவமைப்புப் பயிற்சியையும் பத்துச் சங்கங்கள் கூடினால் பெறலாம். நம் பழைய உருவங்களைக் கொண்டு நாமே புதியன ஆக்கலாம். எந்த உருவம் தறிக்கு ஏற்கும், எது படத்தில் மட்டும் அழகு என்று சொல்ல வல்லவர் தறிக்காரரே.

நான்காவதாக, விவசாயச் சங்கங்களுக்கு ஒரு சொல். இலையின் படத்தைக் காட்டினால் நோயின் பெயரைச் சொல்லும் செயலிகள் வந்துள்ளன. அரசும் உழவர் உதவித்தொகை பற்றித் தமிழிலும் விடை தரும் கிசான் இ-மித்ரா என்னும் வசதியை 2023இல் தொடங்கிற்று. பயன்படுத்துக. ஆயினும் இவ்வியந்திரங்கள் தெரியாததையும் தெரிந்தது போலவே சரளமாகச் சொல்லும் இயல்புடையன. மருந்தின் அளவையும் பெயரையும் வேளாண்மை அலுவலரிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே தெளிக்க. தவறான விடையைத் தந்த இயந்திரம் கடன் தவணையைக் கட்டப் போவதில்லை.

ஐந்தாவதாக, சங்கத்து ஊழியர். தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்கள் 63,000 கணினிமயமாக, 2,516 கோடி ரூபாய்த் திட்டத்தை மத்திய அரசு 2022 ஜூனில் ஏற்றது. பேரேடு எழுதும் வேலை குறையும். அதனால் எழுத்தரைக் குறைக்கலாம் என்று கருதும் குழுவினர், மிஞ்சும் நேரத்தில் அவரை அங்கத்தினர் வீடுகளுக்கு அனுப்பிப் பார்க்கட்டும். தவணை ஏன் நின்றது என்பதைக் கணினி சொல்லாது. திண்ணையில் அமர்ந்து கேட்பவர் சொல்வார். கடிதமும் அறிக்கையும் எழுத இயந்திரத்தின் உதவியைப் பெறுக. அங்கத்தினரின் ஆதார் எண்ணையும் கடன் விவரத்தையும் அதில் இடாதிருக்க.

ஆறாவதாக, முதற்படியைச் சங்கமே கட்டிக்கொடுக்க. ஆண்டுக்கு இரு இளைஞரையேனும் உதவித்தொகையுடன் ஒரு தேர்ந்த நெசவாளரிடம் அமர்த்துக. பயிற்றுவிக்கும் அவருக்கும் தொகை தருக. ராச்டேல் முன்னோடிகள் ஆதாயத்தில் ஒரு பகுதியைக் கல்விக்கென ஒதுக்கியது இத்தகைய நாளுக்காகவே.

பெரியவருக்கு விடை

சின்னவளை எங்கே அனுப்புவது? ஐயா, இதுவே நம் விடை. ஒரே ஒரு காரியத்தை மட்டும் கற்பிக்கும் படிப்புக்கு அனுப்பாதீர்கள். தட்டச்சு மட்டும், படம் வரைதல் மட்டும், பிறர் எழுதியதைப் பெயர்த்தெழுதுதல் மட்டும் என்பவை இயந்திரத்தின் வாயிலில் நிற்பவை. பல காரியங்கள் ஒன்றோடொன்று பின்னிய தொழிலாகப் பார்த்து அனுப்புங்கள். துணி இயலோ, கணக்கியலோ, செவிலியர் படிப்போ, அவள் மனம் செல்வது எதுவாயினும் சரி. அதனுடன் இயந்திரத்தை ஏவவும் அதன் பிழையைக் கண்டுபிடிக்கவும் பழகட்டும். பிழை காண்பவர் தொழிலின் அடிப்படையைக் கையால் செய்தறிந்தவராக இருத்தல் வேண்டும். ஆதலின் விடுமுறை நாட்களில் தறியடியிலும் அமரட்டும், அது வீணாகாது.

மூத்தவருக்கும் ஒரு சொல். மேற்சொன்ன வரைபடப் பதிவேட்டைக் கணினியில் அமைக்கச் சங்கத்திற்கு ஒருவர் வேண்டும். ஊதியம் பெரிதன்று. ஆயினும் புட்டாவும் அறிந்து கணினியும் அறிந்தவர் நம் மாவட்டத்தில் எத்தனை பேர்? விண்ணப்பம் எழுதும் நேரம் போக எஞ்சிய நேரத்தில் அவர் வந்து தொடங்கட்டும். நிர்வாகக் குழுவிடம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறோம்.

கடன் முழுதும் தீர்ந்துவிட்டதாக நாம் எண்ணவில்லை. அடுத்த பேரவையில் மிச்சக் கேள்விகளையும் அவர் கேட்கட்டும். இம்முறை அவை நிகழ்ச்சி நிரலிலேயே இருக்கட்டும்.

படிப்பு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. உங்கள் தொழிலில் உள்ள காரியங்களை வரிசையாக எழுதுக. அவற்றுள் இயந்திரத்திற்குச் சென்றவை எவை? செல்லக்கூடியவை எவை?

2. உங்கள் சங்கத்தில் வரைபடங்களும் மாதிரிகளும் எங்கே, யார் பொறுப்பில் உள்ளன? அவை சொத்துப் பதிவேட்டில் ஏறியுள்ளனவா?

3. தேர்ந்த தொழிலாளர் ஒருவரின் நுட்பத்தை இயந்திரம் கற்றுக்கொண்டால், அவருக்கு என்ன ஈடு தகும்? யார் தருவது?

4. இவ்வாண்டு உங்கள் சங்கம் எத்தனை இளைஞர்க்கு முதற்படி அமைக்க இயலும்? அதற்கு எந்த நிதியைப் பயன்படுத்தலாம்?